எறாத் தலையும் ஊதா நீரும்

அன்று காலை அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் ஆய்வுக்கு நெறியாளராக இருந்த மேடம் இருந்தார். கல்லூரிச் செயலாளர் இருந்தார். சென்னையிலிருந்து வந்திருந்த நிபுணர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, காகிதம் பறக்காதபடி முழங்கையை ஊன்றியிருந்தார். ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த பண்ருட்டிக்காரன், என் நண்பன், கதவோரம் நின்றிருந்தான். அம்மா இல்லை. வருகிறேன் என்று அவள் சொன்னாள். வேண்டாம் என்று தடுத்தது நான். அப்பா கேரளாவில் யாருடைய போட்டிலோ கடலில் இருந்தார். மாமா கடலூர் முதுநகரில் ஏஜெண்ட் வீட்டு வாசலில், என் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் போனுக்காக நின்றிருந்தார்.

மேசைமேல் இரண்டு ஸ்டாண்டுகளில் கண்ணாடிக் குழாய்கள். எல்லாவற்றிலும் ஊதா நிற நீர். பள்ளிக்கூடத்து மசிப்புட்டியில் தண்ணீர் கலந்தது போன்ற ஊதா. அந்த ஊதா வெளுத்தால் எனக்கு இரண்டு வருஷத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை. வெளுக்காவிட்டால் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டருக்குக் கைத்துணை. இடையில் வேறு வழி எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவனே நான்தான். பி.எஸ்சி.க்கு மேல் எம்.எஸ்சி., அதற்கு மேல் எம்.ஃபில். என்று படித்துக்கொண்டே போனதில் வீட்டுக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. மாமா, அம்மாவின் தம்பி, அதை நேராகவே கேட்டார்.

"மாப்ள, படிப்பு முடியறதுக்கு ஒரு ஸ்டாப்பிங் கெடையாதா? சேத்தியாத்தோப்பு பஸ்ஸே எங்கயாவது போய் நிக்குது."

நான் படித்தது உயிர்த் தகவலியல். உயிரியலைக் கணினியில் செய்வது. சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அந்தத் துறையைப் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். எம்.ஃபில். ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று மேடம் கேட்டபோது, மற்றவர்கள் புற்றுநோய், சர்க்கரை நோய் என்று பெரிதாகச் சொன்னார்கள். நான் எறாத் தலை என்றேன். இறாலை எங்கள் பக்கம் எறா என்போம். வகுப்பு சிரித்தது.

அம்மா வேலை பார்த்தது முதுநகரில் ஒரு எறா கம்பெனியில். சுனாமியில் அப்பாவின் படகு போன பிறகு அங்கே சேர்ந்தாள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை எடுத்து, சதையை ஐஸ் தட்டில் போட வேண்டும். சதை ஜப்பானுக்குப் போகும். தலையும் ஓடும் பின்பக்கம் குவியும். கோழித்தீவனத்துக்காரன் வந்தால் அள்ளிக்கொண்டு போவான். வராத நாளில் குழி வெட்டிக் கொட்டுவார்கள். எறாவின் எடையில் பெரும்பங்கு அந்தக் குவியலில்தான் கிடக்கும். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த குவியல் அது. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு விளக்க முயன்றது ஞாபகம் இருக்கிறது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எறாத் தலைக்குள்ள புரதம்னு ஒண்ணு இருக்குதும்மா. மணிகோத்த சங்கிலி மாதிரி. சங்கிலி முழுசா இருந்தா ஒண்ணும் பண்ணாது. சரியான எடத்துல வெட்டினா சின்னச் சின்னத் துண்டா விழும். அதுல ஒண்ணு ரெண்டு துண்டு ஒடம்புக்கு நல்லது. ரத்தக்கொதிப்பக் கொறைக்கும், ஒடம்பு சீக்கிரம் கெடாம பாத்துக்கும்."

"எந்தத் துண்டுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கம்ப்யூட்டர் சொல்லும்."

"கம்ப்யூட்டரு எறா தின்னுச்சா?"

தின்னவில்லை. ஆனால் உலகத்தில் எவரெவரோ கண்டுபிடித்த புரதச் சங்கிலிகள் எல்லாம் எழுத்து எழுத்தாக இணையத்தில் கிடந்தன. ஒரு மணிக்கு ஓர் எழுத்து. எறாவின் ரத்தத்தில் இருக்கும் நீலப் புரதம், தசைப் புரதம் என்று ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டேன். கல்லூரியில் இணைய இணைப்பு இருந்த கணினி ஒன்றுதான். மின்சாரம் போனால் முதலிலிருந்து. நொதி என்பது சங்கிலியை வெட்டும் கத்திரி. ஒவ்வொரு நொதியும் குறிப்பிட்ட எழுத்துக்குப் பக்கத்தில்தான் வெட்டும். அதனால் உண்மையான எறாவும் இல்லாமல், உண்மையான நொதியும் இல்லாமல், திரையிலேயே வெட்டிப் பார்க்கலாம். விழும் துண்டுகளை, ஏற்கெனவே நல்லது என்று நிரூபணமான துண்டுகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட ஒரு சின்ன நிரல் எழுதினேன். அது முதல்முறை பிழையில்லாமல் ஓடிய மத்தியானம் நான் சாப்பிடவில்லை. பட்டியலின் தலையில் ஐந்தே எழுத்துள்ள ஒரு துண்டு வந்து நின்றது. வேறு எந்தத் துண்டும் அதன் கிட்டே வரவில்லை.

திரையில் வந்தது ஆய்வகத்திலும் வர வேண்டும். அதற்கு நிஜ எறாத் தலை வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். வேலை முடிந்து வரும்போது அவள் தூக்குவாளியில் கொண்டு வந்துவிடுவாள். காலையில் நான் எழுந்திருக்கும்போது அவை தெர்மோகோல் பெட்டியில் ஐஸுக்கு நடுவில், பாலிதீன் பையில் கட்டி, தயாராக இருக்கும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். ஒருமுறை ஐஸ் உருகிப் பெட்டியின் அடியில் ஒழுகியதற்குக் கண்டக்டர் என்னை பி.முட்லூரில் இறக்கிவிடப் பார்த்தார். "யோவ், இது பஸ்ஸா மீன்கூடையா?" என்று கத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு பாதத்தால் துடைத்தேன்.

ஆய்வகத்தில் தலைகளை அரைத்து, அமிலத்துக்கு எதிரான காரத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டுச் சமன் செய்து, நொதி போட்டு வெதுவெதுப்பில் வைப்போம். பிறகு வடிகட்டிய நீரை அந்த ஊதா நீரில் விட வேண்டும். உடம்பு கெடாமல் காக்கும் சரக்கு அதில் இருந்தால் ஊதா மறைந்து வெளிறிப்போகும். முதல்முறை விட்டபோது என் கண்ணெதிரே ஊதா கரைந்து, எலுமிச்சைச் சாறு போல ஆகிவிட்டது. நண்பன் என்னைத் தூக்கிச் சுற்றினான். நொதி போடாத நீரை விட்டபோதும் கொஞ்சம் வெளுத்தது. அதை மேடத்திடம் காட்டினேன். எறாவில் இயற்கையாகவே ஒரு சிவப்பு நிறமி உண்டு, அதன் வேலையாக இருக்கும் என்றார். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. நொதி போட்டதில்தான் ஜாஸ்தி வெளுத்தது. அது போதும் என்று இருந்தோம். மறுபடி மறுபடி செய்தோம். ஒவ்வொரு தடவையும் வெளுத்தது.

மேடம் கல்லூரிக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வெளியிலிருந்து பணம் வரும் ஒரு திட்டம் கையில் இருந்தால் நிரந்தரம் என்று செயலாளர் சொல்லியிருந்தார். என் ஊதா நீர் வெளுக்க வெளுக்க, மேடம் முகத்தில் தெளிவு கூடியது. ஆய்வுக்குப் பணம் தரும் ஒரு சென்னை அமைப்புக்கு அவரே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். நிபுணர் நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: சோதனையைத் தன் கண்முன்னால் செய்து காட்ட வேண்டும், எறாத் தலையைக் கல்லூரியே கம்பெனியிலிருந்து நேராக எடுத்து வர வேண்டும்.

இதில் பயப்பட எதுவும் இல்லை என்று நினைத்தோம். அவர் வருவதற்கு முந்தைய வாரம் கல்லூரி வேன் முதுநகர் போய்த் தலைகளை அள்ளி வந்தது. ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அரைத்தோம், நொதி போட்டோம், வடித்தோம், விட்டோம்.

ஊதா ஊதாவாகவே இருந்தது.

"குழாயைக் கழுவலையாடா சரியா?" என்றான் நண்பன். கழுவிச் செய்தோம். ஊதா. புது நொதி பிரித்தோம். ஊதா. வேனில் ஐஸ் போதவில்லையோ என்று மறுநாள் வேனை மறுபடி அனுப்பினோம். ஊதா. எறா வேறு சாதியோ என்று தலையின் கொம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். அதே சாதிதான். ஃப்ரீசரில் அம்மா கட்டிக்கொடுத்த பழைய பை ஒன்று மிச்சம் இருந்தது. அதை எடுத்துச் செய்தால் உடனே வெளுத்தது. கணினி சொன்னது பொய்யென்றால் பழையதில் ஏன் வேலை செய்கிறது? நிஜமென்றால் புதியதில் ஏன் செய்யவில்லை?

மாமா தினமும் போன் செய்தார். "ஏஜெண்டு வெள்ளிக்கெழம பேப்பர் அனுப்புறாரு. அட்வான்ஸு குடுத்தாச்சு. நீ வரியா இல்லியா, ஒரே வார்த்தையில சொல்லு மாப்ள."

"வியாழக்கிழமை சொல்றேன் மாமா."

மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். "பழைய பை எவ்வளவு இருக்கு?"

"ஒரு தடவைக்கு வரும் மேடம்."

"அதை வச்சிரு. அவர் வர்றப்ப அதையே பண்ணு."

நிபுணர் வருவதற்கு முந்திய நாள் காலையில், அந்தப் பழைய பையிலிருந்து ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து மீண்டும் செய்தேன். எங்கே வித்தியாசம் என்று பார்க்கத்தான். அரைத்த சாந்தில் காரத்தைச் சொட்டினேன். சொட்டு விழுந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு ஓடி, கலக்கியதும் மறைந்தது. அதை நான் முன்பும் பார்த்திருந்தேன். எறாவின் நிறமிதான் என்று கண் தாண்டிப் போயிருந்தது.

நண்பன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். "என்னா மச்சான், ஆலம் கரைக்கிற? எனக்குப் பொண்ணு பாத்துட்டியா?"

கல்யாணத்தில் ஆரத்தி சுற்ற ஆலம் எப்படிக் கரைப்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விட்டால் சிவப்பாகும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். வேனில் வந்த தலைகளில் காரம் விட்டுப் பார்த்தேன். சிவப்பு வரவில்லை. மறுபடி பழையதில் விட்டேன். கோடு ஓடியது. நண்பன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், எங்க போற?"

"ஓ.டி.க்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினேன். ஓல்ட் டவுன், அதாவது முதுநகர்தான் எங்களுக்கு ஓ.டி.

கம்பெனி வாசலில் சாப்பாட்டு நேரம். பெண்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சுவர் நிழலில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். ஐஸில் ஊறி அவர்கள் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"அடியே, எறாத்தல டாக்டரு வராரு, எழுந்திரிங்கடி" என்றாள் ஒருத்தி.

"ஊசி போட்டுட்டுப் போவ சொல்லு" என்றாள் இன்னொருத்தி.

அம்மா பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள். "என்னாடா இந்நேரத்துல? ஒடம்புக்கு ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல. எனக்கு எறாத் தல கட்டறதுக்கு முன்னாடி அத என்னா பண்ணுவ?"

"என்னா பண்ணுவேன்? கழுவுவேன்."

"எதுல?"

"தண்ணியிலதான். பின்ன பாலுலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"தண்ணியில வேற எதுனா போட்டியாம்மா?"

"கல்லுப்பும் மஞ்சத்தூளும் போட்டு ரெண்டு அலசு அலசுவேன். ஊரு உலகத்துல எல்லாரும் பண்றதுதான். ஏன், நாத்தம் வருதா?"

"வரல."

"வரக்கூடாதுன்னுதான் பண்ணேன். காலேஜுக்குப் போற சாமான். பெரிய பெரிய ஆளுங்க தொடுவாங்க. அன்னிக்கு பஸ்ல கண்டக்டரு ஒன்ன என்னா பேச்சு பேசனான்னு நம்ம தெரு பொண்ணு வந்து சொல்லிச்சு. அதுலேருந்து மஞ்ச கொஞ்சம் ஜாஸ்தியாவே போடறேன்."

நான் ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை. கொண்டு வந்தபடியே கொடு, கழுவாதே என்று சொன்னதும் இல்லை. மீன் எதுவானாலும் எங்கள் வீட்டில் மஞ்சள் பார்க்காமல் சட்டிக்குப் போகாது என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்ததால்தான் தோன்றவேயில்லை. ஊதா நீரை வெளுக்கவைக்கும் பொருள்களில் மஞ்சளைவிடக் கெட்டிக்காரப் பொருள் குறைவு. எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருந்தது.

"மஞ்ச போட்டா தப்பாடா?" என்றாள் அம்மா.

"நீ பண்ணது தப்பில்லம்மா. ஆனா அந்த மஞ்சளத்தான் நான் எறாத் தல மருந்துன்னு இத்தன நாளா சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

"மஞ்சளும் மருந்துதானே?" என்றாள் முதலில் கேலி செய்தவள். "இதச் சொல்றதுக்கா இவ்ளோ படிச்ச?"

அம்மா அவளைப் பார்த்துக் கையை ஓங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு நான் வரேன். நான்தான் போட்டேன், எம்புள்ளைக்கு எதுவும் தெரியாதுன்னு அந்த ஐயாகிட்ட சொல்றேன். லீவு கேட்டா தருவாங்க."

"நீ வர வேணாம்."

"ஏன், நான் வந்தா ஒனக்குக் கொறச்சலா?"

"அதுக்கில்லம்மா. கேக்க வேண்டியது நான். நான் கேக்கல."

அவள் நம்பவில்லை. முகம் அப்படித்தான் இருந்தது. சங்கு ஊதியதும் பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆய்வகத்தில் வேனில் வந்த தலைகளை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பங்கை வெறும் தண்ணீரில் அலசினோம். இன்னொரு பங்கைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு, வீட்டில் செய்வதுபோலவே. மஞ்சள் பொட்டலத்தை நண்பன் மேலவீதிக் கடையில் வாங்கி வந்தான். முதல் பங்கு வெளுக்கவில்லை. இரண்டாவது வெளுத்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. மேடத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "காலையில பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

காலையில் தாழ்வாரத்தில் என் வழியை மறித்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"ரெண்டு ஸ்டாண்ட் எதுக்கு?"

"ஒண்ணு வெறும் தலை. ஒண்ணு மஞ்சள் போட்டது மேடம்."

"நான் சொல்றதக் கேளு. இன்னிக்கு வெளுக்கறத மட்டும் காட்டு. பணம் வரட்டும். அப்புறம் சுத்தமான சாம்பிள்ல பொறுமையா சரி பண்ணிக்கலாம். நாம ஒண்ணும் பொய்யா எழுதலையே, நமக்கே நேத்துதான தெரிஞ்சுது?"

"சரியா வரலன்னா மேடம்?"

"வரும். உன் கம்ப்யூட்டர் சொல்லுதில்ல?"

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் ஒரு வீடு, ஒரு வாடகை இருந்தது. அவர் சொன்னதில் பாதி எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்றுதான் தெரிந்தது: இன்றைக்கு மஞ்சளைக் காட்டினால் அடுத்த வருஷம் அறிக்கை கேட்பார்கள், அதற்கும் மஞ்சளைத்தான் காட்ட வேண்டும், அதற்கடுத்த வருஷமும். என் ஐந்து எழுத்துத் துண்டு உண்மையா பொய்யா என்பது எனக்கு ஒருநாளும் தெரியாமலே போய்விடும். இரண்டு ஸ்டாண்டுகளையும் உள்ளே எடுத்துப் போனேன்.

நிபுணர் நேரத்தை வீணாக்கவில்லை. "ஆரம்பிங்க" என்றார்.

முதல் ஸ்டாண்டில் விட்டேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஊதா அசையவில்லை. செயலாளர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். நிபுணர் உதட்டைப் பிதுக்கினார்.

"அடுத்தது பண்ணு" என்றார் மேடம்.

இரண்டாவதில் விட்டேன். விட்ட கணமே ஊதா போய்விட்டது. செயலாளர், "அடடே" என்று வாய்விட்டுச் சொன்னார். நிபுணர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஆர்வம் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார்.

மேடம் முந்திக்கொண்டார். "ஃப்ரெஷ்னஸ் சார். இது ஐஸ்ல நல்லா..."

"மஞ்சள் சார்" என்றேன்.

"மஞ்சள்னா? கலரைச் சொல்றீங்களா?"

"இல்ல சார். மஞ்சத்தூள். மீன் கழுவறப்ப போடுவாங்களே, அது. முன்னாடி நாங்க அனுப்பின ரிசல்ட் எல்லாமே மஞ்சளோடது. நேத்துதான் கண்டுபிடிச்சோம்."

செயலாளருக்கு முதலில் புரியவில்லை. "யார் போட்டது? லேப்ல யாராவது வேணும்னே...?"

"எங்கம்மா சார். கழுவிக் குடுத்தாங்க. கழுவக்கூடாதுன்னு நான் சொல்லல."

கதவோரம் நண்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மேடம் மேசைவிரிப்பின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிபுணர் சிரிக்கவில்லை, கோபத்தில் அவர் கழுத்து சிவந்தது.

"இதுக்காகவா என்னை மெட்ராஸ்லேருந்து வரவழைச்சீங்க? கம்ப்யூட்டர்ல அத்தனை பக்கம் கணக்குப் போட்டிருக்கீங்க. அது சொன்ன துண்டை இதுவரைக்கும் யாருமே சோதிக்கல. அப்படித்தானே?"

"ஆமாம் சார்."

"வெறும் தலையில ஒண்ணுமே வரலையே. அப்ப உங்க துண்டு இல்லன்னுதானே அர்த்தம்?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் சார். அரைச்ச சாந்துல அது ரொம்பக் கொஞ்சமா இருந்தா இந்தச் சோதனையில தெரியாது. அந்த அஞ்சு எழுத்தை மட்டும் தனியாச் செஞ்சு தர்ற கம்பெனிங்க இருக்கு. வாங்கி நேரா விட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்."

"அதுக்கு யார் காசு?" என்றார் செயலாளர். "காலேஜ் ஒரு ரூபா தராது."

நிபுணர் காகிதங்களை அடுக்கினார். "வாங்கிப் பாத்துட்டு எனக்கு அனுப்புங்க. மூணு மாசம் ஃபைலை மூடாம வச்சிருக்கேன். அதுவரைக்கும் உதவித்தொகை கிடையாது. அதுவும் ஊதாதான்னா மறுபடி எனக்கு எழுதாதீங்க."

மேடம் வெளியேறினார். அதற்குப் பிறகு வெகு நாட்கள் அவர் என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிரப் பேசவில்லை. தாழ்வாரத்தில் நின்று மாமாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னா மாப்ள? ஏஜெண்டு பைக்குல ஏறி உக்காந்துட்டாரு."

"பணம் கெடைக்கல மாமா."

"அப்ப பாஸ்போர்ட்ட குடுத்துடறேன்."

"வேணாம் மாமா."

"வேணாமா? கெடைக்கலன்றே, வேணாம்ன்றே?"

"மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க."

"எதுக்கு?"

"ஒரு துண்டு வாங்கிப் பாக்கறதுக்கு."

மறுமுனையில் பைக் உறுமும் சத்தம். பிறகு அது தூரமாகப் போகும் சத்தம்.

"போய்ட்டாரு" என்றார் மாமா. "அட்வான்ஸு திரும்பாது, தெரியுமில்ல? அது நான் ரெண்டு எடத்துல வட்டிக்கு வாங்கினது. துண்டு வாங்கறானாம் துண்டு. தோள்ல போடவா, தலையில போடவா?" போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்தபோது வாசலில் நின்றபடியே அம்மாவிடம் கொஞ்சம் பணம் கொடுத்தார். "அவன் கேட்டத வாங்கிக்கச் சொல்லு. நான் குடுத்தேன்னு சொல்லாத" என்று சத்தமாகச் சொன்னார். நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். மீதிக்கு அம்மா கம்பெனியில் முன்பணம் வாங்கினாள். எறா வரத்து குறைந்த மாதங்களிலும் அதை அவள் கூலியில் கழித்துக்கொண்டார்கள்.

ஹைதராபாத்திலிருந்து கூரியரில் ஒரு சின்னக் குப்பி வந்தது. அடியில் வெள்ளையாக, விரல் நுனியில் ஒட்டிய கோலமாவு அளவுக்கு ஒரு பொடி. திரையில் எனக்குப் பழகிய அந்த ஐந்து எழுத்து. நண்பன் கரைத்தான், ஊதாவில் விட்டதும் அவன்தான். மேடம் பின்னால் வந்து நின்றார்.

ஒன்றும் ஆகவில்லை. நண்பன் மூச்சை விட்டான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இரு" என்றார் மேடம். "பக்கத்துக் குழாயோட வச்சுப் பாரு."

பக்கத்தில் வெறும் ஊதாக் குழாய் இருந்தது. இரண்டையும் வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்தோம். எங்களுடையதில் ஊதா இளகத் தொடங்கியிருந்தது. மெதுவாக, பிடிவாதமாக, கத்திரிப்பூ நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றது. எலுமிச்சை நிறத்துக்கு வரவேயில்லை. கருவியில் வைத்து அளந்தோம். மறுபடி கரைத்து விட்டோம். அதே கத்திரிப்பூ. இன்னொரு முறையும் அதே. மேடம் தன் கையாலேயே எண்களை எழுதினார்.

நிபுணரின் பதிலில் இரண்டு வரிதான் இருந்தது. வலிமை குறைவு, ஆனால் உண்மை, தொடரலாம். அந்தப் பருவம் முடிவதற்குள் உதவித்தொகை வந்தது, விட்டுப்போன மாதங்களுக்குச் சேர்த்துத் தரவில்லை. குப்பியின் விலை, அதற்கு வரி, கூரியர், ஏஜெண்டிடம் போன அட்வான்ஸ், இரண்டு இடத்து வட்டி என்று அம்மாவும் மாமாவும் கட்டி முடித்ததை ஒருநாள் கூட்டிப் பார்த்தோம். மொத்தம் நாற்பத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.